வீட்டு வாசலில் ஆயில் மாற்றலாமா?

வாகனம்: கேள்வி–பதில்

வீட்டிலேயே இன்ஜின் ஆயில் மாற்றுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

அப்பாவின் காருக்கு வாங்கிய ஆயில் ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம் இருக்கிறது. நல்ல கம்பெனி, விலை உயர்ந்த சிந்தெட்டிக். என் 125 சிசி பைக்கில் ஊற்றிக்கொள்ளலாமா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

வேண்டாம் தம்பி. காரில் இன்ஜின் ஆயிலுக்கு இன்ஜின் மட்டும்தான் வேலை. கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில், கிளட்ச் உலர்ந்த கிளட்ச். உங்கள் பைக்கில் அப்படியில்லை. இன்ஜின், கியர், கிளட்ச் பிளேட் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. அந்த ஆயிலில் நனைந்துகொண்டே கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கவும் வேண்டும். இப்போது வருகிற கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கின்றன. அவை கிளட்ச் பிளேட்டில் படிந்தால் பிடிப்பு போய்விடும். மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முறுக்குவீர்கள், இன்ஜின் சத்தம் போடும், வண்டி நகராது.

டப்பாவின் பின்பக்கத்தில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். பைக்குகளுக்காகவே ஜப்பானில் 1998-இல் கொண்டுவந்த தரம் அது. எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு. ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. எம்ஏ ஆயிலை ஸ்கூட்டரில் ஊற்றினால் பெரிய கெடுதல் இல்லை. எம்பி ஆயிலைப் பைக்கில் ஊற்றுவதுதான் தப்பு. மிச்சமான கார் ஆயிலை இறுக மூடி வையுங்கள், அப்பாவின் காருக்கே டாப்-அப் செய்ய உதவும்.

ஃபுல்லி சிந்தெட்டிக் போட்டால் மைலேஜ் எவ்வளவு கூடும்?
– வாசகர், தூத்துக்குடி

கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடாது. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் பள்ளி ஆசிரியை. 110 சிசி ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். நானே ஆயில் மாற்ற ஆசை. “உனக்கு எதுக்கு இந்த வேலை” என்கிறார்கள் வீட்டில். என்னால் முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

தாராளமாக முடியும் டீச்சர். இது கைப்பலம் கேட்கிற வேலையே இல்லை. பலத்தைக் காட்டுகிறவர்கள்தான் போல்ட்டின் மரையைக் கெடுக்கிறார்கள். நிதானமும் சுத்தமும் போதும். உங்களிடம் அவை இருக்கும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஸ்கூட்டரில் இரண்டு இடங்களில் ஆயில் இருக்கிறது. ஒன்று இன்ஜினில். இன்னொன்று பின்சக்கரத்தை ஒட்டிய கியர் பெட்டியில், நூறு மில்லிக்குக் கொஞ்சம் கூடக்குறைய. இரண்டுக்கும் தனித்தனி ட்ரெய்ன் போல்ட். புதிதாகச் செய்கிறவர்கள் கியர் ஆயில் போல்ட்டைக் கழற்றிவிடுகிறார்கள். அரை டம்ளர் ஆயில் சொட்டி நின்றுவிடும். “அடடா, இன்ஜின் ஆயிலே தீர்ந்துபோச்சே” என்று பயந்து, புது ஆயிலை முழுக்க இன்ஜினில் ஊற்றுவார்கள். இப்போது இன்ஜினில் இரண்டு மடங்கு ஆயில், கியர் பெட்டி காலி. சில நாளில் அந்தப் பக்கம் புகை, இந்தப் பக்கம் ஊளைச் சத்தம்.

மேனுவலில் உள்ள படத்தைப் பார்த்து இன்ஜின் போல்ட் எது என்று சுண்ணாம்பால் குறி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். தட்டில் விழுந்தது அரை டம்ளர்தான் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு எந்த போல்ட்டைக் கழற்றினீர்கள் என்று பாருங்கள். மேனுவல் சொல்கிற கெடுவில் கியர் ஆயிலையும் மாற்றுங்கள். அதைப் பல வொர்க்‌ஷாப்புகளே மறந்துவிடுகின்றன. சைலன்சர் சூடாக இருக்கும், கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆயிலை இறக்கிவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டுக் கழுவினால் கசடு போகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
– வாசகர், இராமநாதபுரம்

பேரிங்கும் போகும். செய்யாதீர்கள்.

பதினைந்து வருஷம் எக்ஸ்எல் சூப்பர் ஓட்டினேன். ஒரு நாளும் தொந்தரவு தரவில்லை. இப்போது எக்ஸ்எல் 100 வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. பால் கேன் கட்டிக்கொண்டு தினமும் சொசைட்டிக்குப் போகிறேன். பெட்ரோல் போடுவேன், ஓட்டுவேன், அவ்வளவுதான். இப்போது இன்ஜினில் கடகடவென்று சத்தம், புகை வேறு. போர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ஆயிலே மாற்றியதில்லையா என்று திட்டுகிறார். பழைய வண்டிக்கு அப்படி எதுவும் செய்ததே இல்லையே. கம்பெனி வண்டியை மட்டமாகச் செய்துவிட்டதா?
– விவசாயி, தருமபுரி மாவட்டம்

ஐயா, வண்டி மட்டமில்லை. இரண்டும் பெயரில்தான் ஒன்று, இன்ஜின் வேறு. எக்ஸ்எல் சூப்பர் டூ-ஸ்ட்ரோக். பெட்ரோல் போடும்போதே 2டி ஆயிலைக் கலந்து ஊற்றுவீர்கள். அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் புது ஆயில் கிடைத்துவிடுகிறது. எக்ஸ்எல் 100 ஃபோர்-ஸ்ட்ரோக். பெட்ரோல் தனி, ஆயில் தனி. இன்ஜினுக்குக் கீழே இருக்கிற அதே ஆயில்தான் சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. நீங்கள் மாற்றும்வரை அதுதான், குறைந்தால் குறைந்ததுதான். இந்த வித்தியாசத்தை வண்டி விற்றவர் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவர் தப்பு. மெக்கானிக் சொல்வதைக் கேட்டு இன்ஜினைப் பிரியுங்கள். போரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட முடியும். வண்டி மறுபடி பல வருஷம் ஓடும், மனம் தளர வேண்டாம்.

இந்தக் கடிதத்தை வைத்து எல்லா வாசகர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும்.

எந்தக் கம்பெனி ஆயில், மினரலா சிந்தெட்டிக்கா, மூவாயிரத்தில் மாற்றுவதா ஆறாயிரத்தில் மாற்றுவதா என்று எழுதாதவர் இல்லை. “டிப்ஸ்டிக்கில் அளவு இவ்வளவு இருக்கிறது” என்று எழுதுகிறவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. என் மேசைக்கு வரும் சீஸ் ஆன இன்ஜின்களில் பெரும்பாலானவை மட்டமான ஆயிலால் போனவை அல்ல. பழைய ஆயிலால் போனவையும் அல்ல. ஆயில் இல்லாமல் போனவை. சுமாரான ஆயில் சரியான அளவில் இருந்தால் இன்ஜின் தாங்கும். உயர்ந்த ஆயில் பாதி அளவில் இருந்தால் தாங்காது.

சின்ன இன்ஜினில் மொத்தமே சுமார் ஒரு லிட்டர்தான். காரில் மூன்று, நான்கு லிட்டர். காரில் இருநூறு மில்லி குறைந்தால் ஒன்றும் தெரியாது. பைக்கில் அது ஐந்தில் ஒரு பங்கு, சிலவற்றில் நான்கில் ஒரு பங்கு. காற்றால் குளிர்கிற இன்ஜினில் ரேடியேட்டர் கிடையாது, சூட்டை ஏந்திக்கொண்டு போவதில் ஆயிலுக்குப் பெரும்பங்கு. அளவு குறைந்தால் மிச்சமிருக்கும் ஆயில் ஓய்வில்லாமல் சுற்றும், அதிகம் சூடேறும், நீர்த்துப்போகும், ரிங்கைத் தாண்டி எரியும், இன்னும் குறையும். பம்ப்பிலிருந்து தூரத்தில், ஹெட்டில் இருக்கிற கேமும் ராக்கரும்தான் முதலில் காயும். கடகட சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. அதற்கப்புறம் பிஸ்டன். சின்ன பைக்குகள் பலவற்றில் ஆயில் பிரஷர் விளக்குகூட இல்லை. உங்களை எச்சரிக்க அந்த வண்டியில் டிப்ஸ்டிக்கைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சமமான தரையில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். இன்னொரு இரண்டு மூன்று நிமிஷம் பொறுங்கள், மேலே போன ஆயில் இறங்கட்டும். டிப்ஸ்டிக்கைக் கழற்றிப் பனியன் வேஸ்டால் துடைத்து, மறுபடி உள்ளே விடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் திருகக் கூடாது, வாயில் உட்காரவைத்தால் போதும். திருகிவிட்டுப் பார்த்தால் அளவு அதிகமாகக் காட்டும், உள்ளே குறைவாக இருக்கும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று மேனுவலில் ஒரு வரி இருக்கும். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஈரம் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். கீழ்க்கோட்டில் இருந்தால் அதே கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மறுபடி பாருங்கள். அந்தத் துளியை விரலில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால் மெக்கானிக்கிடம் போங்கள். கண்ணாடி வட்டம் வைத்த வண்டியானால் ஒருவர் நேராக நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது பார்ப்பது கணக்கில் சேராது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யுங்கள். வண்டியை இரவலாக வாங்கிக்கொண்டு தூரம் போகிறீர்களா, கிளம்புமுன் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குள் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வந்துவிடுகிறது என்றால், ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கிறது. அதை இன்ஜின் நிற்பதற்கு முன்னாலேயே உங்களுக்குச் சொல்லக்கூடியது இந்த ஒரு குச்சிதான்.

என் பைக்குக்கு 900 மில்லி என்று போட்டிருக்கிறது. ஒரு லிட்டர் டப்பா வாங்கினேன். மிச்சம் வைக்க மனமில்லாமல் முழுவதையும் ஊற்றிவிட்டேன். கூட இருந்தால் நல்லதுதானே?
– வாசகர், காரைக்குடி

நல்லதில்லை. கிராங்க் சுழலும்போது ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையைப் பம்ப்பால் சரியாகத் தள்ள முடியாது. அழுத்தம் கூடி சீல்கள் வழியாகக் கசியும், ஏர் ஃபில்ட்டர் பெட்டிவரை ஆயில் ஏறும். மேல்கோட்டுக்கு மேலே நிற்கிறதா என்று பார்த்து, அதிகப்படியை இறக்கிவிடுங்கள்.

மேனுவலில் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று சாதாரணமாக ஆயில் மாற்றும்போது. மற்றது இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது. உங்களுக்கு முதல் அளவுதான். அதிலும் சொன்ன அளவில் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டு ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியைச் சேருங்கள்.

எங்கள் ஊர் வெயிலுக்கு 10டபிள்யூ-30 தண்ணீர் மாதிரி ஓடிவிடும், 20டபிள்யூ-50 போடு என்கிறார் மெக்கானிக். சரியா?
– வாசகர், வேலூர்

வேலூர் வெயில் நாற்பதைத் தாண்டலாம். இன்ஜினுக்குள் ஆயில் நூறு டிகிரி பக்கம் வேலை செய்கிறது. இரண்டாவது எண் அந்த நூறு டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது. 30 போதும் என்று உங்கள் வண்டியைச் செய்தவர்கள் நம் நாட்டு வெயிலைத் தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். இன்றைய இன்ஜின்களில் இடைவெளிகள் குறுகலானவை. தேய்மானத்தில் பெரும்பகுதி காலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் நொடிகளில் நடக்கிறது, அப்போது கெட்டி ஆயில் கேமுக்கு ஏறத் தாமதமாகும். 15டபிள்யூ-50 கேட்கிற ராயல் என்ஃபீல்டில் அதைப் போடுங்கள். 10டபிள்யூ-30 கேட்கிற வண்டியில் 10டபிள்யூ-30 போடுங்கள்.

ட்ரெய்ன் போல்ட்டில் லேசாகக் கசிந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். இன்னும் கசிந்தது. இன்னும் இறுக்கினேன். இப்போது போல்ட் சும்மா சுற்றுகிறது. எம்-சீல் வைத்து அடைக்கலாமா?
– வாசகர், ஈரோடு

கூடாது. சூட்டில் அது விட்டுவிட்டால் நடுரோட்டில் மொத்த ஆயிலும் கொட்டிவிடும், பின்சக்கரத்தில் பட்டால் விழுவீர்கள். போல்ட் இரும்பு, இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். இறுக்க இறுக்க அலுமினியம்தான் தோற்கும். லேத் பட்டறையிலோ நல்ல மெக்கானிக்கிடமோ போய் ஹெலிகாயில் போடச் சொல்லுங்கள். புது மரை கிடைத்துவிடும், இன்ஜினை மாற்ற வேண்டியதில்லை.

கசிவுக்குக் காரணம் போல்ட்டின் இறுக்கம் அல்ல, வாஷர். அது நசுங்கி அடைப்பதற்காகவே செய்தது, ஒரு முறை நசுங்கியது மறுமுறை அடைக்காது. சில ரூபாய்தான், ஒவ்வொரு தடவையும் புதிது போடுங்கள். போல்ட்டை முதலில் விரலால் மட்டுமே திருகுங்கள். மூன்று நான்கு சுற்று வழவழவென்று போக வேண்டும். போகாவிட்டால் கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். நீளமான பிடி வேண்டாம், ஸ்பேனர்மேல் ஏறி மிதிக்கவும் வேண்டாம்.

கார் டயர் மாற்றக் கொடுத்த ஜாக்கியில் தூக்கிவைத்து, அடியில் படுத்து ஆயில் மாற்றுகிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.
– வாசகர், தாம்பரம்

இதுவரை ஆகவில்லை என்பது பாதுகாப்பு அல்ல. அந்த ஜாக்கி டயர் கழற்ற மட்டுமே. அது சரிந்தால் ஒரு டன் எடை உங்கள் மார்பின்மேல் இறங்கும், கத்தக்கூட நேரம் இருக்காது. உறுதியான ஜாக் ஸ்டாண்டோ ராம்ப்போ வாங்குங்கள், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள். வாங்க வசதியில்லை என்றால் வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள். இதில் வேறு பதிலே கிடையாது.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்மஞ்சளாக நுரை படிந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதா? காரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டு வருவது மட்டும்தான், இரண்டு கிலோமீட்டர்.
– வாசகி, குன்னூர்

பயப்படாதீர்கள். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், கூலன்ட் அளவையும் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக, கூலன்ட் குறையாமல் இருந்தால் அது வெறும் ஈரப்பதம். மலைக்குளிரில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் முழுச்சூடு அடைவதே இல்லை, உள்ளே படிகிற நீராவி வெளியேறவும் முடிவதில்லை. வாரம் ஒரு முறை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறி வாருங்கள். ஏறும்போது கிடைக்கிற சூட்டில் போய்விடும். ஆயிலைக் கிலோமீட்டர் பார்க்காமல் சீக்கிரம் மாற்றுங்கள், குறுகிய ஓட்டம்தான் ஆயிலுக்குக் கடினமான வேலை.

டிப்ஸ்டிக்கிலேயே பால் காபி நிறம் தெரிந்தால் கதை வேறு, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளில் பல, மூழ்கியதைவிட மறுநாள் செல்ஃப் அடித்துப் பார்த்ததில்தான் கெட்டன.

பிஎஸ்6 டீசல் கார். ஆயில் குறையும் என்பீர்கள், எனக்கு டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போகிறது!
– வாசகர், கோயம்புத்தூர்

நகருக்குள் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் காரில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்ட்டர் இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். பாதி வழியில் வண்டியை நிறுத்தி நிறுத்தி விட்டால், அந்த டீசலில் ஒரு பகுதி ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். அளவு கூடும், ஆயில் நீர்க்கும். மேல்கோட்டைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பது போதாது, முழுவதும் மாற்றுங்கள். டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம், மேனுவலில் குறித்த தரமே வேண்டும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஆர்எக்ஸ் 100-க்கு இன்ஜின் ஆயில் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்?
– வாசகர், திருச்சி

டூ-ஸ்ட்ரோக் வண்டி அது. 2டி டேங்க் காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டியது கியர்பாக்ஸ் ஆயில்.

மாற்றிய பழைய ஆயிலை வேலிக்காலுக்கும் மரச்சாமானுக்கும் கரையானுக்காகப் பூசுகிறோம். மாட்டுப் புண்ணுக்கும் தடவுவதுண்டு. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறோம். காலங்காலமாக எல்லோரும் செய்வதுதானே?
– வாசகர், பொள்ளாச்சி

எல்லோரும் செய்வதால்தான் சொல்கிறேன், நிறுத்துங்கள். இன்ஜினில் ஓடிக் கறுத்த ஆயிலில் உலோகத்தூளும் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் இருக்கின்றன. வேலிக்காலில் பூசியது மழையில் கரைந்து உங்கள் கிணற்றுக்கே போகும். மாட்டுப் புண்ணில் தடவியதை மாடு நக்கும். கரையானுக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் இருக்கிறது, கையுறை போட்டுக்கொண்டு பூசுங்கள். மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் இருக்கிறார்.

பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு, 2016-ஆம் ஆண்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. 2024 ஏப்ரல் 1 முதல், பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பாளர்களும் பொறுப்பு. அதைச் சுத்திகரித்து மறுபடி ஆயிலாக்க முடியும். நீங்கள் செய்ய வேண்டியது: புனல் வைத்துப் பழைய கேனில் ஊற்றி, மேலே எழுதி வையுங்கள். தண்ணீர், மண்ணெண்ணெய், கூலன்ட் எதையும் கலக்காதீர்கள், கலந்தால் சுத்திகரிப்புக்கு உதவாது. பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி உள்ளவருக்குக் கொடுக்கிற வொர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுங்கள். ஃபில்ட்டரைக் கவிழ்த்து வடியவிட்டு அதையும் அங்கேயே கொடுங்கள். ஆயிலை எங்கே கொடுப்பது என்று தெரியாதவர் வீட்டில் ஆயில் மாற்ற வேண்டாம்.

ஓய்வு பெற்றவன். கார் வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓடாது. 10,000 ஆகும்வரை காத்திருக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

காத்திருக்கக் கூடாது ஐயா. மேனுவலில் கிலோமீட்டரோடு மாதமும் போட்டிருக்கும், எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. நின்றே இருந்தாலும் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேரும். வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

வீட்டில் மாற்றினால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?
– வாசகர், திருப்பூர்

லேபர் கூலி மட்டும். முதல் வருஷம் அதையும் தட்டு, ஸ்பேனர், புனல் வாங்கவே செலவழிப்பீர்கள். ஃப்ரீ சர்வீஸும் வாரண்டியும் முடியும்வரை கம்பெனி சர்வீஸிலேயே விடுங்கள், பில்களைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கப்புறமும் பணத்துக்காக இதைச் செய்யாதீர்கள். தானே ஆயில் மாற்றுகிறவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிறார். கசிவு தெரிகிறது, தளர்ந்த போல்ட் தெரிகிறது, ஆயில் எவ்வளவு குறைந்தது என்று தெரிகிறது. அந்தப் பார்வைதான் இன்ஜினைக் காப்பாற்றுகிறது.

ஆயில் மாற்றத் துணிவில்லாதவர்கள் மாற்ற வேண்டாம், மெக்கானிக்கிடமே கொடுங்கள். அளவு பார்ப்பதை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். இன்று வண்டியை எடுக்குமுன் ஒரு முறை பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால், ஆயில் ஊற்றாமல் கிளம்பாதீர்கள்.